சிஆர்பி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) வந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) கொஞ்சம் ஏறியிருந்தாலே பதறுகிறோம், இயல்பாக இருந்தால் அப்பாடா என்று உட்கார்ந்துவிடுகிறோம், இரண்டுமே தப்பு. காய்ச்சல் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் அது ஏறியிருக்காது, உச்சத்துக்குப் போக 2 நாள் வரை ஆகும். சிஆர்பியும், பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும் புரோகால்சிடோனின் என்ற இன்னொரு பொருளும் மிக அதிகமாக இருந்தால் பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் சந்தேகிப்பார், சரி, அதற்கு அவை உதவும். ஆனால் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பாருங்கள்: மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, 1 முதல் 5 வயதுக் குழந்தை அழாமல் இருக்கும்போதே நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு விடுகிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா? அப்படியென்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்