பேரியம் எவ்வளவு என்று சொல்லுங்கள்: குடிநீர் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் குழாயில் வரும் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, பேரியம் என்ற உலோகத்துக்கு மட்டும் ஒரு வரி இல்லை. விசாரித்தால், "டிடிஎஸ் நன்றாகத்தானே இருக்கிறது, கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்றார்கள். அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது.

டிடிஎஸ் என்பது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வரும் எண்ணுக்குள் 2 மில்லிகிராம் பேரியம் இருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த 2 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 1.3-ஐத் தாண்டிவிட்டது. இந்தியத் தரநிலையில் வரம்பு 0.7 தான், அமெரிக்காவில் 2. நிறம், வாசனை, ருசி எதை வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி, ஆனால் பேரியத்தை அப்படி எடுத்துவிடலாம் என்று நம்ப முடியாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது செறிவாகவும் கூடும். குளோரினும் இதற்கு உதவாது.

எக்ஸ்ரேக்கு முன்னால் பேரியம் குடிக்கக் கொடுக்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அது பேரியம் சல்பேட், கரையாமல் அப்படியே வெளியே போய்விடும். குடிநீரில் இருப்பது கரைந்த பேரியம், உடம்பில் ஏறக்கூடியது. அளவு மிக அதிகமானால் இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து, தசை தளர்ந்து, இதயத் துடிப்பே தடுமாறும். குழாய்த் தண்ணீரில் அவ்வளவு வருவது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரையும் பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. வரம்புக்கு மேலான தண்ணீரை வருடக்கணக்கில் தினமும் குடித்தால் இரத்த அழுத்தம் கூடலாம் என்பதும், சோதனை விலங்குகளில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும்தான் என் கவலை.

ஆலைக் கழிவு இருந்தால்தான் பேரியம் வரும் என்றில்லை. பாறையிலேயே இருக்கிறது. தண்ணீரில் சல்பேட் போதுமான அளவு இருந்தால் பேரியம் அதோடு சேர்ந்து படிந்துவிடும். ஆழத்திலிருந்து வரும், சல்பேட் மிகக் குறைவாக உள்ள நீரில்தான் அது கரைந்தபடியே நிற்கும். அதனால் எங்கே முதலில் தேட வேண்டும் என்பதற்கான துப்பு உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது: எந்த ஆழ்துளைக் கிணற்றில் சல்பேட் அளவு மிகக் குறைவாக இருக்கிறதோ, அங்கே போய் மாதிரி எடுங்கள். எல்லாக் கிணற்று நீரும் கலந்த தொட்டியில் மட்டும் எடுத்தால், மோசமான ஒரு கிணறு சராசரிக்குள் மறைந்துவிடும். அந்தக் கிணறு மட்டும் ஓடும் நாளில் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களை அப்புறம் யார் கணக்கில் எடுப்பது?

அதிகம் இருந்தால் வழியும் இருக்கிறது. அயனிப் பரிமாற்றம் (உப்புப் போடும் மென்மையாக்கி இந்த வகைதான்), சுண்ணாம்பு கொண்டு மென்மையாக்குதல், ஆர்.ஓ. மூன்றுமே பேரியத்தை எடுக்கும். உப்புப் போடும் மென்மையாக்கி வைத்தால் தண்ணீரில் சோடியம் கூடும், இரத்த அழுத்தக்காரர்களுக்கு அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

"வரம்புக்குள் இருக்கிறது" என்ற ஒற்றை வாக்கியம் எங்களுக்கு வேண்டாம். கிணறு வாரியாக, தேதியோடு, எண்ணாகப் போடுங்கள். கூடுதலாக இருந்தால், சரியாகும் வரை கைக்குழந்தைக்கும் சிறுநீரக நோயாளிக்கும் எந்தத் தண்ணீரைக் கொடுப்பது, அதை எங்கே வாங்கிக்கொள்வது என்பதையும் அதே அறிவிப்பில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் அனுப்பும் தண்ணீரைக் குடிக்கும் ஒருவர்