பெயர் மாற்றும்போதே என்ஜின் எண்ணைப் பாருங்கள்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்ட வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வந்த டீசல் ஸ்விஃப்ட் ஒன்றை, எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் போன வாரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண் ஒன்று, என்ஜினின் வார்ப்பு உடலான பிளாக்கில் இருப்பது வேறொன்று. ஆய்வாளர் செய்ததில் தவறில்லை. ஆனால் அந்த வண்டி ஏற்கெனவே மூன்று கை மாறியது. மூன்று முறையும் படிவம் 29, 30 வாங்கி, கட்டணமும் வாங்கி, பெயர் மாற்றிக் கொடுத்தது உங்கள் துறைதான். அப்போதெல்லாம் பானெட்டைத் திறக்க யாருக்கும் நேரமில்லை. இப்போது நான்காவது ஆளிடம், "என்ஜின் வாங்கின பில் கொண்டாங்க" என்கிறீர்கள். எந்த வருடம், யார் மாற்றினார்கள் என்றே தெரியாத என்ஜினுக்கு அவர் எங்கே போய் பில் வாங்குவார்? வண்டி வாசலில் நிற்கிறது. ஓட்டவும் வழியில்லை, விற்கவும் வழியில்லை.

நாங்கள் முதலில் கேட்பது இதுதான். பெயர் மாற்றும்போதே வண்டியை வரவழைத்து, என்ஜின் எண்ணைப் பிளாக்கில் பாருங்கள்.

விண்ணப்பத்தில், எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பென்சில் பிரிண்ட் ஒட்டுகிறார்களே என்பீர்கள். ஒரு தகட்டில் எண்ணைப் பஞ்ச் அடித்து, மேலே தாளை வைத்துத் தேய்த்தாலும் அதே அச்சுதான் விழும். எந்த இரும்பின் மேல் தேய்த்தது என்று தாள் சொல்லாது.

நேரில் பார்ப்பது அப்படியொன்றும் பெரிய வேலையுமில்லை. பெரும்பாலான கார்களில் பிளாக்கும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சீவி மட்டமாக்கிய சின்னப் பரப்பில் எண் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும். கம்பி பிரஷ் போட வேண்டாம், சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள் அழிந்துவிடும். அந்தக் கோடுகள்தான் சாட்சி. தொழிற்சாலையில் சீவியது ஒரே சீராக இருக்கும். எண்ணை அழிக்கக் கிரைண்டர் பட்டிருந்தால் வளைந்த கீறலும் பள்ளமும் தெரியும், எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒத்துவராது. வார்ப்பட ஆலைகள் நிறைந்த கோவையில் இதைப் பார்த்ததும் சொல்ல ஆளா இல்லை?

என்ஜின் வகையைக் குறிக்கும், எண்ணின் முன்னெழுத்து பொருந்துகிறது என்று விட்டுவிடவும் கூடாது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா டீசல் கார்களில் பெரும்பாலும் வந்தது அதே 1248 சிசி டி13ஏ என்ஜின். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் ஏற்றுவது எளிது என்பதால்தான் இந்த மாற்று அதிகம் நடக்கிறது. கடைசி இலக்கம் வரை ஒப்பிட்டாக வேண்டும். பிளாக்கில் வார்த்த தேதி இருந்தால் அதையும் பாருங்கள். கார் தயாரான மாதத்துக்குப் பிந்தையது என்றால் அது அந்தக் காரோடு வந்த பிளாக் இல்லை. சிலர் ஸ்கேனர் மாட்டிக் காட்டி, "ஒரிஜினல் என்ஜினுங்க, கையே வைக்கலைங்க" என்பார்கள். ஸ்கேனர் படிப்பது, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் பதிந்த சேஸ் எண்ணை. பிளாக்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வாங்குகிறவரே பார்த்துக்கொள்ளட்டும் என்றால், வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் என்ஜின் எண்ணின் பாதியை மறைத்து வைத்திருக்கிறீர்கள். விற்கிறவர் நீட்டும் ஆர்.சி. நகலை நம்புவதைத் தவிர அவருக்கு வேறென்ன வழி? பிளாக்கில் உள்ள எண்ணைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் போட்டுப் பார்த்தால், அந்த எண் திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெயர் மாற்றும் நாளில் உங்கள் மேசையிலேயே செய்யக்கூடிய வேலை அது.

என்ஜின் மாற்றுவதே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக் ஓட்டையானால் மாற்றத்தான் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதியச் சொல்கிறது. பதியாமல் விட்டவர் வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்; மாட்டிக்கொள்வது கடைசியாக வாங்கியவர். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் எண்ணைப் பார்த்தால் கிளெய்மும் சிக்கலாகும்.

நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரத்தை அளக்க ஆள் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளை நடுரோட்டில் கிழிக்க ஆள் இருக்கிறது. வண்டியின் உயிரான என்ஜின் எது என்று பார்க்க மட்டும் 15 வருடம் காத்திருக்க வேண்டும்! கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்தின்போது என்ஜின் எண்ணை நேரில் பார்த்து, பார்த்த ஆய்வாளரின் கையெழுத்தோடு கோப்பில் பதிய உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே சிக்கி நிற்கும் வண்டிகளில், பிளாக் எண் திருட்டுப் பட்டியலில் இல்லை என்று உறுதியானால், பழைய பில்லுக்குப் பதிலாக உரிமையாளரின் பிரமாணப் பத்திரத்தை ஏற்று ஆர்.சி.யைத் திருத்தித் தரவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரக் கார் பட்டறைக்காரர்கள்