வானொலி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் விட்டுப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஜனவரி 25 மாலையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குடியரசு நாளுக்கு முந்தைய இரவில் அகில இந்திய வானொலி பல மொழிக் கவிஞர்களின் சம்மேளனத்தை ஒலிபரப்புகிறது. 1956இல் தொடங்கிய வழக்கம். அதை இந்த முறை சேர்ந்து உட்கார்ந்து கேட்பது, அதுவரை நம் உறுப்பினர்களின் பாட்டும், ஓசையால் மட்டுமே கதை சொல்லும் வானொலி நாடகமும் என்று செயற்குழு முடிவு செய்தது. செல்போனிலேயே கேட்கலாமே என்றார்கள் இளைஞர்கள். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், மத்திய அலை, அதில்தான் என்று மூத்தவர்கள் பிடிவாதம். 1960களில் வானொலி சொல்லி டெல்டாவில் பரவிய ஆடுதுறை 27 நெல் ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்றே கூப்பிட்டவர்கள் ஆயிற்றே! நானும் அந்தக் கட்சிதான்.

மாலை 6 மணிக்குப் பெட்டியைத் திருகினால் ஒரே இரைச்சல். கூடத்தில் புதிதாகப் போட்ட எல்இடி விளக்குகள்தான் காரணம். அவற்றின் மின்சுற்று மத்திய அலையில் குறுக்கிடுமாம். விளக்குகளை அணைத்துப் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பினோம், குரல் தெளிந்தது. சரி, மறுபடி விளக்கைப் போடலாம் என்றபோது, “இருக்கட்டும், நாடகத்தையும் இருட்டிலேயே நடத்துங்க” என்றார் பின்வரிசையில் ஒருவர். நடிகர்களை மறைக்கக் கட்டியிருந்த போர்வைக்கு வேலை இல்லாமல் போனது.

கொள்ளிடத்தில் வெள்ளம், நடுவே ஒரு பரிசல்காரர். அரை மணி நேர நாடகம். முறத்தில் உளுந்தைச் சரித்தால் மழை, தகரத்தை உதறினால் இடி, அண்டாத் தண்ணீரில் அகப்பையை விட்டு அளைந்தால் துடுப்பு. மழை வலுத்த இடத்தில் ஒரு பாட்டி, “ஐயோ, கொடியில துணி கிடக்கே” என்று எழுந்தே விட்டார். நாடகத்தை எழுதியவருக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. வசனத்தை இன்னும் குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஓசையே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. (உளுந்து மறுநாள் ஊறப்போட்டாயிற்று.)

அப்புறம் பாட்டு. 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ பாட்டை நம் உறுப்பினர் ஒருவர் பாடினார். சுருதி கொஞ்சம் நழுவியது. யாரும் பொருட்படுத்தவில்லை, கூடவே பாடினார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 8 மணிக்கு இட்லி பரிமாறினோம். கவிதைக்குக் காத்திருந்தபோது எண்ணிப் பார்த்தால் 11 பேர்தான், அதில் இருவர் தூக்கத்தில். விழித்திருந்தவர்கள், கேட்ட வரிகளில் எது நின்றது என்று நள்ளிரவு வரை வாசலில் நின்று வாதாடினார்கள்.

அடுத்த முறை இட்லியைக் கவிதைக்குப் பிறகு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள உறுப்பினர்கள் அதை எதிர்க்கிறார்கள். அவையின் முடிவுக்கு விடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்