கல்கரியில் கருகும் ரொடொடென்ட்ரன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அக்காவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது கேட்டு நிம்மதி. மகள் மறுபடி கல்கரிக்கே வேலை மாறி வருகிறாள் என்பது அதைவிடச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் படிக்கவென்று பேர்கனுக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நான் துருவ வட்டத்துக்கும் அங்காலே நோர்வேயின் துரொம்சோவில் இருந்துகொண்டு அல்ப்ஸ் மலை ரொடொடென்ட்ரனைப் பூக்க வைக்கிறேன், நீ கனடாவில் 51 பாகை அகலாங்கில் இருந்தும் அது கருகிப்போகிறது, இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறாய்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. அதற்கு மேலே எல்லாம் கபில நிறம், ஓரங்கள் உள்ளே சுருண்டு கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினமாதிரி இருக்கிறது. உன் வளவில் பனி அந்தக் கோடு மட்டும்தான் நின்றிருக்கிறது.

ரொடொடென்ட்ரன் ஃபெருஜினியம் அல்ப்ஸில் மர எல்லையை ஒட்டி, பனி தேங்கி நிற்கும் சரிவுகளில் வளருகிற புதர். புதுப் பனியில் பெரும்பகுதி காற்றுத்தான். அரை மீட்டர் பனிக்குக் கீழே மண் சைபர் பாகையை ஒட்டியே நிற்கும், வெளியே -20 அடித்தாலும் கூட. எங்கள் நகரத்தில் இதுவரை பதிவான மிகக் கடுங்குளிர் -18.4 தான், 1966 பெப்ரவரியில். கடல் நீரோட்டத்தின் புண்ணியம். ஆனால் பனி கொட்டித் தீர்க்கும். 1997 ஏப்ரல் 29 அன்று 240 சென்ரிமீட்டர் நின்றது. சூரியன் திரும்பி வந்து உறைக்கத் தொடங்கும் மாதங்களில் என் செடிகள் எல்லாம் இன்னும் பனிக்குள்ளேயே இருக்கும்.

உங்களுடைய இடத்தில் நடப்பதே வேறு. பெப்ரவரி, மார்ச்சில் வெயில் நன்றாக எறிக்கும். இலை சூடாகி நீரை விடும். வேர் இருக்கிற மண்ணோ கல்லாக உறைந்திருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே ஏறாது. உன் கண்டு குளிரில் சாகவில்லை மச்சான், தாகத்தில் செத்திருக்கிறது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் இதைப் பல காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பனி பறந்துபோன முகடுகளில் இந்தப் புதர் தாக்குப்பிடிப்பதில்லை.

இதற்கு மேலே சினூக் காற்று, மலையிலிருந்து இறங்கி வருகிற வெப்பக் காற்று. சில மணி நேரத்தில் இருபது பாகை ஏற்றிவிடும் என்று நீயே எழுதியிருந்தாய். இருக்கிற கொஞ்சப் பனியும் உருகிப்போகும். அதோடு, இலையுதிர் காலம் முழுக்கப் பகல் குறையக் குறையச் செடி தன்னைக் குளிருக்குப் பழக்கி வைத்திருக்கும். உயிரணுவுக்குள் சர்க்கரையைச் சேர்த்து, நீரை வெளியே விட்டு, பனிக்கட்டி உயிரணுவுக்கு வெளியே மட்டும் பிடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. இரண்டு மூன்று நாள் கதகதப்பு வந்தால் அந்த ஏற்பாடு தளர்ந்துவிடும். பிறகு திடீரென்று -25 என்றால் என்ன செய்யும்?

இங்கும் இது நடந்திருக்கிறது. 2007 டிசம்பரில் ஸ்கன்டினேவியாவின் வடக்கில் வெப்பம் ஏறி, பனி உருகி, திரும்பக் குளிர் பிடித்தது. அடுத்த கோடையில் குறைந்தது 1,400 சதுர கிலோமீட்டர் நிலத்தில் புதர்கள் பழுப்பேறிக் கிடந்தன. கூடுதலாக அடிபட்டது எம்பெட்ரம், இந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்த செடி. அப்படியிருக்க, எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று சொல்கிற 'தாங்கும் வலயம்' எண் போட்டுக் கண்டில் கட்டியிருந்த சீட்டை மட்டும் நம்பலாமா? அமெரிக்க வலய எண் வருடத்தின் மிகக் கடுங்குளிரின் சராசரியை மட்டுமே சொல்கிறது. கனடாக்காரர் 1967இல் போட்ட கணக்கில் பனியின் ஆழம், தை மாத மழை, காற்றின் வேகம் எல்லாம் உண்டு. நீ அதைப் பார்ப்பது நல்லது.

எங்கள் தாவரவியல் பூங்காவுக்கு (1994இல் திறந்தது, நுழைவுச்சீட்டு எதுவும் இல்லை) நீ வந்தால் இதையெல்லாம் கையோடு காட்டுவேன். அப்படியே கேபிள் காரில் மேலே கூட்டிப்போனால் கல்மியா புரோகம்பன்ஸையும் பார்க்கலாம். காற்று பனியைத் துடைத்துக்கொண்டு போகிற முகட்டில்தான் அது குடியிருக்கிறது. உயரம் இரண்டு விரல்தான், தரையோடு பாய் விரித்துப் படுத்திருக்கும். அரிசிமணி அளவு இலை, தடித்து, ஓரம் கீழே மடிந்து, நீரைப் பிடித்து வைத்திருக்கும். ரொடொடென்ட்ரனும் இதுவும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பனி இல்லாவிட்டால் உயிரில்லை, மற்றது வெறும் குளிரில் நிற்கிறது. இவற்றை எல்லாம் 'மலைச்செடி' என்று ஒரே பெயரில் விற்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போது நீ செய்ய வேண்டியது. கிளையை வெட்டாதே. நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பார், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. ஜூன் வரை பொறு. அடுத்த முறை வீட்டின் வடக்குப் பக்கத்தில் நடு, பிற்பனிக்கால வெயில் அங்கே படாது. மண் உறைவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் விடு. நத்தார் முடிந்து தெருவில் போடுகிற மரங்களின் கிளைகளை எடுத்து மூடு, பாதையில் அள்ளுகிற பனியை அதன்மேல் குவி. உப்புப் போட்ட பனி மட்டும் வேண்டாம்.

ஆனால் உன் மண் சுண்ணாம்பு மண், குழாய்த் தண்ணீரும் கடினம். அங்கே புளிப்பு மண் கேட்கிற ஃபெருஜினியத்தோடு மல்லுக்கட்டுவதைவிட டாஃப்னி அர்புஸ்குலாவைத் தேடிப் பார். ஸ்லோவாக்கியாவின் முரான் மேட்டுநிலத்தில் மட்டுமே இயற்கையாக வளர்கிற அருமையான சின்னப் புதர், சுண்ணாம்புப் பாறை இடுக்குத்தான் அதன் வீடு. குளிரைவிட, தண்டு மண்ணைத் தொடுகிற கழுத்தடியில் தேங்கும் ஈரம்தான் அதற்கு எமன். கல்லும் சரளையும் போட்டு உயர்த்தி நடு. கிடைக்காவிட்டால் டிரையாஸ். இங்கே எங்கள் மலையிலும் உண்டு, உங்கள் ரொக்கி மலையிலும் உண்டு. வெள்ளைப் பூ எட்டு இதழோடு வரும். உன் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓடினால் அது எந்த மாதிரி இடத்தில் நிற்கிறது என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். பிடுங்கிக்கொண்டு வராதே, நாற்றுமேடையில் வாங்கு.

ஜூன் கடைசியில் அந்தப் பச்சைக் கோட்டுக்குக் கீழே துளிர் வந்ததா என்று படம் எடுத்து அனுப்பு. அக்காவை மாடிப்படி ஏற விடாதே.

அன்புடன்,
துரொம்சோவிலிருந்து உன் கூட்டாளி