எடை கேட்காமல் காய்ச்சல் மருந்து விற்க விடாதீர்கள்

இராமநாதபுரம் மாவட்ட சுகாதார அலுவலர், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள், மருந்துக்கடை உரிமையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். குழந்தைக்குப் பாராசிட்டமால் கேட்டு யார் வந்தாலும், பிள்ளை எத்தனை கிலோ என்று கடைக்காரர் முதலில் கேட்க வேண்டும். ஒரு வேளைக்கு எத்தனை மில்லி என்பதைப் பாட்டிலின் மேலேயே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊர்களின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. திங்கள், புதன், சனி என்றால் விசைப்படகுகள் கடலுக்குப் போய்விடும். அந்த ராத்திரிகளில் பிள்ளைக்கு உடம்பு கொதித்தால், வீட்டில் இருக்கும் பெண்கள்தான் முடிவெடுக்க வேண்டும். இராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து மருந்துக்கடைதான் அவர்களுக்கு ஆஸ்பத்திரி.

என் தங்கை மகளுக்கு ஒரு வயது, எடை 8 கிலோ. முன்பு டாக்டர் எழுதித் தந்த சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து. ஒரு வேளைக்கு 5 மில்லி என்று சொல்லியிருந்தார், சரியான அளவு. அது தீர்ந்துபோன சமயத்தில் மறுபடி காய்ச்சல். கடையில் கேட்டதற்கு, "அதே மருந்துதாம்மா" என்று ட்ராப்ஸ் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். ட்ராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். தங்கை பழைய சிரப்பின் அளவு மூடியைக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, 5 மில்லிக் கோடு வரை பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறாள். போக வேண்டியது 120 மில்லிகிராம், போனது 500. விடிவதற்குள் இரண்டு முறை.

விடியற்காலையில் குழந்தை வாந்தி எடுத்த பிறகுதான் வண்டி பிடித்துக் கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்து, படுக்கையில் வைத்துக் கண்காணித்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இந்த மருந்து அளவு மீறினால் முதல் நாள் வாந்தியோடு அடங்கியது போலத் தெரியும், கல்லீரல் கெடுவது அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் தெரியவரும் என்று டாக்டர் சொன்னார். அதை முறிக்கும் மருந்து இருக்கிறது, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யுமாம். பாம்பன் பாலத்தைத் தாண்டி வர வேண்டிய தாய்க்கு அந்த 8 மணி நேரம் எப்போது தொடங்கியது என்றே தெரியாதே!

அந்தப் பாட்டிலை நான் வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் எல்லாமே ஆங்கிலம். அளவு என்ற இடத்தில், மருத்துவர் சொன்னபடி என்று மட்டும். எந்த மருத்துவர்?

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. 8 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 120 சிரப்பில் 5 மில்லி. 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் இரண்டரை மில்லிக்கும் சற்றுக் குறைவு. ட்ராப்ஸில் ஒரு மில்லியும் சொச்சமும். மூன்றும் கடையில் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. பல வீடுகளில் இன்னமும் பாலாடையிலும் டீ ஸ்பூனிலும்தான் ஊற்றுகிறார்கள். வயதைக் கேட்டு "அரை மூடி கொடும்மா" என்று அனுப்புவது எந்த விதத்தில் நியாயம்? ஒரு வயதில் 7 கிலோ பிள்ளையும் உண்டு, 11 கிலோ பிள்ளையும் உண்டு.

பெரியவர்கள் விஷயத்திலும் இதே அலட்சியம்தான். கடல்பாசி எடுக்கப் போகிற எங்கள் பெண்களில் பலர் 50 கிலோகூட இல்லை. உடம்புவலிக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று, கூடவே சளி மாத்திரை என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? மீன்வளம், மானியம் என்று எங்களுக்கு ஆயிரம் கூட்டம் போடுகிறீர்கள். தினமும் வாயில் போடும் மாத்திரையைப் பற்றி ஒரு கூட்டம் போட்டதில்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னியுங்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு எழுதுகிறார்கள். எடை தெரியாமல் இல்லை, கடையில் யாரும் கேட்பதில்லை. ஐப்பசி மழை தொடங்கினால் காய்ச்சலும் தொடங்கிவிடும். அதற்கு முன்பாக மருந்துக்கடைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எடை கேட்காமல் குழந்தை மருந்து கொடுக்கக் கூடாது, மில்லியைத் தமிழில் எழுதித் தர வேண்டும், அந்தப் பாட்டிலுக்கு உரிய பில்லரோ (மருந்தை உறிஞ்சி அளக்கும் சொட்டுக்குழாய்) அளவு மூடியோ இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். தொண்டி முதல் சாயல்குடி வரை ஒவ்வொரு கடையிலும், எந்த எடைக்கு எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்ற அட்டையைத் தமிழில் தொங்கவிட ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து தாய்மாமன் ஒருவன்