தேயிலை விலை ஏறவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பகுதியில், "தேயிலை விலை ஏறியதால் கொதித்தெழுந்த அமெரிக்க மக்கள், ஆங்கிலேயரின் ஆட்சிமுறையை அடியோடு தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் படைத்தார்கள்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த சரக்கை, இங்கிலாந்தில் தீர்வை கட்டாமல் நேரே தன் ஆட்சியிலிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்ப பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அனுமதித்ததால், கள்ளத்தனமாக வந்திறங்கிய தேயிலையைவிடவும் மலிவாக அதை விற்க முடிந்தது. ஆனால் அமெரிக்கத் துறைமுகத்தில் ராத்தலுக்கு மூன்று பென்னி வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் தங்கள் மேல் வரி விதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பாஸ்டன் துறைமுகத்தில் எதிர்ப்பாளர்கள் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது அதனால்தான். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லையே என்பதுதான் வேதனை.

இந்தப் பிழையோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில், வரி விதிக்கும் உரிமையே சண்டைக்குக் காரணம், விலை குறையத்தான் செய்தது என்று ஒரு பிள்ளை தெளிவாக எழுதியிருந்தது. விடைக்குறிப்பிலோ 'தேயிலை விலை உயர்வு' என்று இருந்தது. எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். குறிப்பைத் தாண்டி மதிப்பெண் போட முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். தங்கள் பத்திரிகையைப் படித்துத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் அதையே எழுதுவார்கள்.

'அடியோடு தூக்கியெறிந்தார்கள்' என்பது இன்னும் பெரிய அநியாயம். அமெரிக்கக் குடியேற்றமான வர்ஜீனியாவுக்கு 1606இல் கிடைத்த அரச சாசனமே, அங்கே குடியேறுவோரும் அவர்கள் பிள்ளைகளும் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்குரிய உரிமைகள் அனைத்தையும் பெறுவார்கள் என்றது. 1619இல் அங்குள்ள ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் அவர்களுடைய பிரதிநிதிகள் சபை கூடிவிட்டது. 1765இல் முத்திரை வரியை (பத்திரங்கள், செய்தித்தாள்கள் போன்றவற்றின் மீதான பிரிட்டிஷ் வரியை) எதிர்த்து நியூயார்க்கில் கூடியவர்களும் ஆங்கிலேயக் குடிகளுக்குரிய பழைய உரிமையைத்தான் கேட்டார்கள். லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதி ரத்தம் சிந்திய பிறகும், 1775 ஜூலையில், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். அவர் அதை ஏற்கவே மறுத்துவிட்டார்.

விடுதலைக்குப் பிறகு அவர்கள் தூக்கியெறிந்தவை முடியாட்சியும் பரம்பரைப் பிரபுத்துவமும். இரண்டு அவைகள், ஜூரி விசாரணை, ஆட்கொணர்வு மனு, உயர் பதவியில் இருப்பவர்மீது கீழவை குற்றம் சாட்ட மேலவை விசாரிக்கும் முறை எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவை. மிகையான பிணைத்தொகை, மிகையான அபராதம், கொடூரமும் வழக்கத்துக்கு மாறானதுமான தண்டனை ஆகியவற்றைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாம் திருத்தத்தை, 1689ஆம் ஆண்டு ஆங்கிலேய உரிமைச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அதுவேதான்.

முன்பு ஒரு முறை நான் எழுதியபோது, சான்றுகள் இருந்த பத்தியை வெட்டிவிட்டுத் தங்களைப் பாராட்டிய வரியை மட்டும் வெளியிட்டீர்கள். அந்த மனவருத்தம் இன்னும் ஆறவில்லை. ஆயினும் சந்தாவை நிறுத்தவில்லை.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம் மட்டுமே. அதை மாணவர் பகுதியிலேயே வெளியிட வேண்டுகிறேன். வேறு பக்கத்தின் மூலையில் போட்டால் பிள்ளைகள் கண்ணில் படாது. இக்கடிதத்தைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால், என் வருத்தத்தை வெட்டிவிட்டு, ஆண்டுகள் இருக்கும் வரிகளை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.