பிறேமுக்குத்தான் விலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு என் தகப்பனார் எடுத்த படங்களையும் நான் எடுத்தவற்றையும் அண்மையில் நன்கொடையாகக் கொடுத்தேன். அவர்கள் தந்த பற்றுச்சீட்டில் இப்படி இருக்கிறது: "பழைய போட்டோ, பிறேமுடன், ஒன்று 1,200 ரூபா. பிறேம் இல்லாதவை, பெறுமதி இல்லை."

பிறேம் இல்லாதவற்றில் ஒன்று, 1963இல் கோணேசர் கோயில் கும்பாபிஷேகத்தில் அப்பா எடுத்தது. அந்த வருடமே எங்கள் ஸ்டூடியோ இருட்டறையில் கழுவிய பிரதி. பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரை, அதன் கீழே பென்சிலில் திகதி. கடல்காற்றுப் பட்டு ஓரங்களில் வெள்ளி பூத்திருந்தாலும் சனத்தின் முகங்கள் தெளிவாக இருக்கின்றன. நெகட்டிவ் 1964 டிசம்பர் சூறாவளியோடு போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான். பழைய படம் வாங்கி விற்பவர்கள் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்: எடுத்த காலத்திலேயே கழுவியதா, வேறு பிரதி உண்டா, எடுத்தது யார். பிறேமை எவரும் கேட்பதில்லை.

விசாரித்தபோது கணக்குப் பார்ப்பவர், "அமெரிக்காவில்கூட செலவுக் கணக்குத்தான், படத்துக்கு ஆன செலவைத்தான் பெறுமதியாகப் போடுவார்கள்" என்றார். அது பாதிதான் சரி. அங்கே 1969இல் வந்த வரிச் சட்டத்தின்படி, எடுத்தவரே தன் படத்தைத் தானமாகக் கொடுத்தால், கடதாசி, மருந்து என்று ஆன செலவை மட்டுமே தன் வரியில் கழிக்கலாம். அதே படத்தை விலைக்கு வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தவர் கொடுத்து, நிறுவனமும் அதைத் தன் பணிக்கே பயன்படுத்தினால், சந்தை விலையைக் கழிக்கலாம். 5,000 டொலருக்கு மேல் போனால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். ஆகவே அந்தச் செலவுக் கணக்கு, கொடுப்பவரின் வரிச் சலுகைக்கு வைத்த எல்லை. நான் சலுகை எதுவும் கேட்கவில்லை.

பெறுமதி இல்லை என்று எழுதிய பொருளுக்கு அலுமாரியில் இடம் கிடைக்காது என்பதுதான் என் கவலை. ஒரு மாரி போதும், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். நிதி சேர்க்க ஏலம் வைக்கப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது.

இன்னொன்று. படத்தைக் கொடுத்ததால் பிரதி எடுக்கும் உரிமையும் சேர்ந்து போய்விடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நான் எடுத்த படங்களின் உரிமை என் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் உண்டு. அதைக் கைமாற்ற, கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். கலண்டர் அடிக்க நினைத்தால் கேட்கட்டும், சந்தோஷமாக எழுதித் தருவேன்.

ஏலத்துக்குத் திகதி குறிக்குமுன் பற்றுச்சீட்டில் உள்ள அந்தப் பெறுமதிப் பட்டியலைத் திருத்த வேண்டும். பழைய படங்கள் பற்றித் தெரிந்த ஒருவரைக் கொழும்பிலிருந்தாவது அழைத்துக் காட்டட்டும். முகங்களுக்குப் பெயர் எழுத நான் வருகிறேன். திருக்கடலூரில் எண்பது தாண்டிய அம்மாமார் சிலர் இருக்கிறார்கள்; இந்த மாதமே அவர்களையும் கூட்டி வரத் தயார்.

ஓய்வுபெற்ற படப்பிடிப்பாளர்,
உவர்மலை, திருகோணமலை.